கணக்கு டீச்சர் சிறப்புக் கல்விக்கு வரலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறீர்கள். வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று தேடப்போய், சிறப்புக் கல்வி ஆசிரியராகவே ஆகிவிடலாமா, பின்னாளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் இடத்துக்கும் போகலாமா என்று யோசனை வந்திருக்கிறது. வீட்டில், "அதில் என்ன வருமானம், வசதி இருக்கிறவங்க சேவை செய்யட்டும்" என்கிறார்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி, இந்த வேலையில் முப்பது வருஷம் நிற்க முடியுமா, குடும்பத்தையும் நடத்த முடியுமா என்பது. அதற்கே பதில் சொல்கிறேன். படிப்பு விவரமும் கூடவே வந்துவிடும்.

நான் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பிரிவில் பயிற்சி பெற்றவன். சிறப்புப் பள்ளி வகுப்பறையில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளைக் கவனித்துத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். ஆட்டிசமும் பலவகைக் குறைபாடும் உள்ள குழந்தைகளோடு நிறையப் பழக்கம் உண்டு. செவித்திறன், பார்வைக் குறைபாட்டுக் கல்வியை அருகிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, அதில் கை வைத்து வேலை செய்தவன் இல்லை. அந்தப் பகுதிகளில் நான் சொல்வதை அந்தத் துறை ஆசிரியர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டார் சொன்ன "சேவை" என்ற பேச்சு. இதைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்து ஊரே "பெரிய மனசு, பொறுமைசாலி" என்று பாராட்டும். அந்தப் பாராட்டோடு குறைந்த சம்பளமும் வரும், அரைகுறைப் பயிற்சியும் வரும். ஏனென்றால் மனசு இருந்தால் போதும் என்று நினைக்கும் இடத்தில் திறமையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரக்கத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் களைத்து வெளியேறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலைத்து நின்றவர்களிடம் இருந்தது வேறு ஒரு குணம்: சின்னச் சின்ன மாற்றங்களைக் கவனிப்பதில் ஒரு தீராத ஆர்வம். நேற்று தோளைத் தொட்டால்தான் திரும்பிய குழந்தை இன்று பெயரைக் கூப்பிட்டதும் திரும்பினால், அதைக் கண்டுபிடித்து, தேதி போட்டு எழுதி, அதிலிருந்து நாளைய பாடத்தை அமைக்கிற ஆர்வம். கணக்குப் படித்தவர்களிடம் இது பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். பயிற்சிக்கு வருகிறவர் முதல் மாதம் எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் "குழந்தை எண்களைப் புரிந்துகொள்வான்" என்று ஒரு குறிக்கோள் இருக்கும். அழகான வாக்கியம்தான். ஆனால் மூன்று மாதம் கழித்து அவன் புரிந்துகொண்டானா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? அதையே இப்படி எழுதச் சொல்வோம்: "மேஜையில் பத்து கட்டைகளை வைத்து 'மூன்று கொடு' என்று கேட்டால், எந்த உதவியும் இல்லாமல் மூன்றை எடுத்துக் கொடுப்பான், ஐந்து முறை கேட்டால் நான்கு முறை சரியாக." இப்போது அளக்க முடியும். அதோடு அடுத்த கேள்விகளும் தானாக வருகின்றன. கையைப் பிடித்து எடுக்க வைக்கிறோமா, சைகை காட்டினால் போதுமா, வாயால் சொன்னாலே போதுமா? இந்த உதவியை எந்த வாரம், எந்த வரிசையில் குறைப்போம்? கட்டையில் வந்த மூன்று, தட்டில் இட்லி வைக்கும்போதும் வருகிறதா? பல குழந்தைகளுக்கு அது வராது. வகுப்பில் கற்றது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும் என்பதை அப்போதுதான் பயிற்சி ஆசிரியர் உணர்கிறார்.

இன்னொன்று, பேன்ட் போடக் கற்றுக்கொடுப்பது. பதினொரு வயதுப் பையனுக்கு முதல் படியிலிருந்து ஆரம்பித்தால், காலை நுழைப்பதற்குள் சண்டை வந்துவிடும். அதனால் கடைசியிலிருந்து தொடங்குவோம். முக்கால்வாசி நாமே போட்டுவிட்டு, இடுப்புக்கு மேலே இழுத்துவிடுவதை மட்டும் அவனுக்கு விடுவோம். வேலை முடிந்தது, முடித்தது அவன். அது பழகியதும் முழங்காலிலிருந்து இழுப்பது, அப்புறம் கணுக்காலிலிருந்து என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போவோம். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் ஒரு வேலையை எத்தனை படிகளாகப் பிரிப்பது என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். அந்தக் கணிப்பு புத்தகத்தில் இல்லை. நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால்தான் வரும்.

இதற்கான கருவிகளில் ஒன்று நம் ஊரிலேயே உருவானது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னையில் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம், சுருக்கமாக எம்.டி.பி.எஸ். 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள். ஒவ்வொன்றும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையில் இருக்கும். குழந்தைக்கு எது முடியவில்லை என்று பட்டியல் போடாமல், எது முடிகிறது, அதற்கு அடுத்தது என்ன என்று பார்க்க வைக்கும் கருவி. அறிவுசார் குறைபாட்டுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. என்ற பட்டியலும் பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் பயிற்சிக் கல்லூரியில் இவற்றின் பெயரை மட்டும் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வைக்கிறார்களா, ஒரு நிஜக் குழந்தையை முன்னால் வைத்து நிரப்பச் சொல்கிறார்களா என்பது அந்தக் கல்லூரியின் தரத்தைச் சொல்லிவிடும்.

சரி, சட்டப்படி உறுதியானவை எவை? சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வுக் கழகத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இதைச் சொல்வது 1992-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டம். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பொது பி.எட். இந்தப் பதிவுக்குச் செல்லாது. பி.எட்.டில் 'உள்ளடக்கிய பள்ளி' பற்றி ஒரு தாள் படித்திருப்பீர்கள். அது பொது ஆசிரியருக்கான அறிமுகம், அவ்வளவுதான். ஆர்.சி.ஐ. அங்கீகரித்த டிப்ளமோவோ, பி.எட். சிறப்புக் கல்வியோ முடித்தால்தான் பதிவு எண் கிடைக்கும். டிப்ளமோ பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு. நீங்கள் பட்டதாரி, மேலே பயிற்சித் துறைக்கும் போக நினைக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு பி.எட். சிறப்புக் கல்வியே பொருத்தம். தேசியக் கல்விக் கொள்கை 2020-க்குப் பிறகு நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை நோக்கி எல்லாம் நகர்ந்துகொண்டிருப்பதால், படிப்பின் காலமும் வடிவமும் மாறும் கட்டம் இது. ஆகவே கல்லூரிக்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். மூன்றும் தனித்தனி விஷயம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து, பிரிவுக்கு இல்லாமல் போன இடங்களில் பிள்ளைகள் தவித்திருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சட்டத்தில் இருப்பது ஒன்று, கையில் வருவது ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 6 முதல் 18 வயது வரை, வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையையும் தந்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்றது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கவும் சொன்னது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. மூன்றரை வருஷம் கழித்து அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து வேகத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிரந்தர அரசு வேலை எப்போது, எத்தனை பேருக்கு என்பதை யாராவது உங்களிடம் உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது நம் மாநிலத்தில் நிலைமை இதுதான். வட்டார வள மையங்களில் வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். வாரத்தில் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும், பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். நிரந்தரம் கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். 2024-இல் அந்தத் திட்டத்துக்கான மத்திய நிதி தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றபோது அவர்கள் சம்பளத்துக்காக எவ்வளவு தவித்தார்கள் என்று எனக்குத் தெரியும், என்னிடம் படித்தவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறப்புப் பள்ளிகளில் இருபதாயிரத்தைத் தொடாத தொடக்கச் சம்பளம் இன்றும் சாதாரணம். சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர் இருக்க வேண்டும் என்று 2015-லேயே சொல்லிவிட்டதால், சென்னை, கோவை போன்ற நகரங்களின் பெரிய பள்ளிகளில் வாய்ப்பும் சம்பளமும் இதைவிட மேல். ஆனால் எல்லாப் பள்ளியும் அந்த விதியை மனசார நிறைவேற்றவில்லை. சில இடங்களில் அந்த ஒருவரே லீவு போட்ட டீச்சர்களின் வகுப்புகளையும் நிரப்ப வேண்டியிருக்கும். நேர்காணலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தனியார் தெரபி சென்டர்கள். மணிக்கணக்கில் கட்டணம், வருமானம் மற்ற இடங்களைவிட அதிகம். அங்கே சேரத்தான் பலர் துடிக்கிறார்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி), உடலியக்கப் பயிற்சி எல்லாம் தனித்தனிப் படிப்பு. நிறுவனம் கேட்கிறது என்பதற்காக அந்தப் பலகையை உங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். "ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இடம் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள். குழந்தையின் அம்மா நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது. "எப்ப சார் சரியாகும்?" என்று அவர் கேட்கும்போது, பொய் சொல்லாமலும் நம்பிக்கையை உடைக்காமலும், அடுத்த ஆறு மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம், வீட்டில் அவர் என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். என் பார்வையில், பயிற்சியிலேயே மிகக் கடினமான பகுதி இதுதான். பெரும்பாலான கல்லூரிகள் இதைப் பயிற்சியாகவே கருதுவதில்லை.

எந்தப் பிரிவை எடுப்பது என்பதில் உங்களுக்கு ஒரு யோசனை. அறிவுசார் குறைபாட்டுப் பிரிவிலும் ஆட்டிசத்திலும் வாய்ப்பு பரவலாக இருக்கிறது. உங்களை இங்கே கொண்டுவந்த பையனும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் முடிவெடுக்கும் முன் பார்வைக் குறைபாட்டுப் பிரிவை ஒரு தடவை போய்ப் பாருங்கள். காரணம் உங்கள் கணக்கு. பார்வையற்ற பிள்ளைகளை "உனக்கு எதுக்கும்மா கணக்கு" என்று மெல்ல ஒதுக்கிவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் ஆழமாக இருக்கிறது. பிரெய்ல் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கும் தெரிந்து, பிரெய்லும் தெரிந்தவர்கள் குறைவு. பார்வையற்ற பிள்ளைகள் கணக்குப் போடப் பயன்படுத்தும் டெய்லர் சட்டம் என்ற துளைப் பலகையைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்கோண வடிவத் துளைகள் வரிசையாக இருக்கும். அதில் செருகும் சிறு உலோக அச்சின் ஒரு முனையில் ஒரு விளிம்பு, மறு முனையில் இரண்டு புள்ளிகள். ஒரு முனையை எட்டுத் திசையில் திருப்பலாம், கவிழ்த்தால் இன்னொரு எட்டு. ஆக ஒரே அச்சில் 16 குறிகள். விரலால் தொட்டே நீள்வகுத்தல் போடுவார்கள். அல்ஜீப்ராவுக்குத் தனி அச்சே உண்டு. நல்ல கணித ஆசிரியர் ஒருவர் இங்கே வந்தால் எத்தனை பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன்னில் அறிவியல், வணிகவியல் என்று கதவு திறக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் அதே துறைக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். செவித்திறன் பிரிவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன். சைகை மொழியா, பேச்சுப் பயிற்சியா என்ற விவாதம் அங்கே இன்னும் சூடாக இருக்கிறது. அதில் இறங்கினால் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, முக்கியமாகக் காது கேளாத பெரியவர்களிடமே பேசிவிட்டு இறங்குங்கள்.

கல்லூரிகளில், முட்டுக்காட்டில் உள்ள பலவகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005-இல் தொடங்கியது. குழந்தைகள் வந்து சிகிச்சையும் பயிற்சியும் பெறும் வளாகத்திலேயே ஆசிரியர் பயிற்சியும் நடக்கிறது என்பது அதன் பலம். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷன் வளாகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்திவந்த படிப்பு உதவியிருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், முடிந்தவரை நேரடிப் படிப்பு. எந்தக் கல்லூரியானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். செய்முறைக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்? ஒரே குழந்தையோடு தொடர்ந்து எத்தனை வாரம் வேலை செய்வேன்? என் வகுப்பை யார் வந்து உட்கார்ந்து பார்ப்பார்? மூன்றாவதற்கு மழுப்பினால் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள். சீனியரின் ரெக்கார்டைப் பெயர் மாற்றி எழுதி, இல்லாத குழந்தைக்குத் திட்டம் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் வகுப்பறைக்கு வந்ததும் முதல் வாரமே திணறுகிறார்கள்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஆசையைப் பற்றி. வழி தெளிவானது: எம்.எட். சிறப்புக் கல்வி, பிறகு முனைவர் பட்டம். பி.எட். முடித்த கையோடு எம்.எட்.டும் முடித்து நேரே கல்லூரிக்குப் போக விதியில் இடம் கிடைக்கலாம். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். குறைந்தது ஐந்து வருஷம் வகுப்பில் இருங்கள். கையைக் கடித்துக்கொள்ளும் குழந்தையைப் பற்றி 'முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு' என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு யாரும் பாடம் நடத்தலாம். எழுத்து வேலை கொடுத்தபோதெல்லாம் கடித்தான், கடித்ததும் வெளியே அனுப்பினார்கள், ஆகவே கடித்தால் எழுத வேண்டாம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த வகுப்புதான் என்பதைக் கண்டுபிடித்த அனுபவம் உள்ளவர் நடத்தும் பாடம் வேறு மாதிரி இருக்கும். பயிற்சி ஆசிரியர்கள் அந்த வித்தியாசத்தை உடனே கண்டுகொள்வார்கள்.

உங்கள் வகுப்புப் பையனுக்கும் இது இன்றே உதவும். அவன் எழுந்து ஓடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வாரம், ஓடுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, ஓடியதும் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். சத்தமா, பாடம் மாறும் நேரமா, கணக்கின் நீளமா என்று ஏதோ ஒன்று பிடிபட வாய்ப்பு அதிகம். பத்துக் கணக்குள்ள தாளை இரண்டிரண்டாக வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து எந்தப் பாடவேளை என்று ஒரு படப் பட்டியலை அவன் மேஜையில் ஒட்டுங்கள். இதெல்லாம் செய்ய எந்தப் பதிவு எண்ணும் தேவையில்லை. மதிப்பீடும் தனித் திட்டமும் மட்டும் பயிற்சி பெற்றவர் செய்யட்டும். அவனைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையில்லை.

வேலையை விடுவதற்கு முன், வரும் கோடை விடுமுறை தொடங்குவதற்குள், உங்கள் மாவட்டத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் அனுமதி வாங்கிச் சில நாள் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். ஆண்டு விழாவுக்குப் போகாதீர்கள், அன்று எல்லாம் அழகாக இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருங்கள். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகத் திணறும் குழந்தைக்கு ஆசிரியர் ஊட்டிவிடுகிறாரா, முழங்கையை மட்டும் தாங்கிக் காத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். கழிப்பறைக்குப் பழக்கும் நேரத்திலும் கூட இருங்கள், அது இந்த வேலையின் அன்றாடப் பகுதி. மூன்றாம் நாள் ஏதாவது ஒரு குழந்தையைப் பற்றி உங்களுக்கு ஒரு கேள்வி வந்து, அதை அங்குள்ள ஆசிரியரிடம் கேட்காமல் பஸ் ஏற மனசு வரவில்லை என்றால் விண்ணப்பம் போடுங்கள். முதல் சில வருஷச் சம்பளம் எவ்வளவு குறையும் என்பதை வீட்டில் ஒளிக்காமல் எழுதிக் காட்டி, அதை எப்படிச் சமாளிப்பது என்று பேசிவிட்டே போடுங்கள்.